இருபத்துநாலு மில்லிமீட்டர்

கையில வச்சிருக்கது எக்ஸ்ரே கவர்தானே சார்? நான் கவரைப் பாத்தாலே சொல்லிருவேன். இந்த ஒண்ணரை வருசத்துல அவ்வளவு கவர் பாத்தாச்சு. எங்க அடி? முழங்காலா? முழங்கால்னா பரவாயில்ல, அது பேசாது. தாடை எலும்பு இருக்கு பாருங்க, அதுதான் மனுசனக் கோர்ட்டு வாசல்ல கொண்டாந்து உக்கார வைக்கும்.

இங்கன தள்ளி உக்காருங்க, அந்தப் பக்கம் வெயிலு. கோர்ட்டுல எல்லாரும் சாப்பாட்டுக்குப் போயிருக்காவ, மூணு மணிக்குத்தான் திரும்ப உக்காருவாவ.

ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. உங்க வக்கீல் என்ன சொன்னாலும் சரி, மெடிக்கல் போர்டு வச்சுப் பாக்கணும்னு மட்டும் எழுதிக் கொடுத்துராதீங்க. நான் எழுதிக் கொடுத்தேன். என் சொந்தக் கையெழுத்து. எவனும் கையப் பிடிச்சு இழுத்து வாங்கல. நியாயம் கிடைக்கும்னு கொடுத்தேன். நியாயம் எப்படிக் கிடைச்சதுன்னு கேளுங்க.

என் பேரு வெள்ளத்துரை. பஸ் டிரைவர். தனியார் வண்டிதான், இருபத்திரண்டு வருசம் ஒரே முதலாளி. என் வண்டியில ஒரு கோழிக்குஞ்சு அடிபட்டதுன்னு எவனும் சொல்ல முடியாது. இப்ப ஓட்டல. லைசென்ஸ் இருக்கு, வண்டி இல்ல.

என் வண்டியில சொரிமுத்துன்னு ஒருத்தன் கண்டக்டர். பதினோரு வருசம் எங்கூட ஓடினான். நான் ஸ்டேரிங்ல, அவன் படியில. வாறப்போ ஒண்ணும் தெரியாது, சில்லறை எண்ணத் தெரியாது, ஸ்டாப்பிங் பேரு சத்தமாச் சொல்லக் கூச்சம். நான்தான் ஆளாக்கினேன். கத்துடே, தொண்டையத் திறந்து கத்துன்னு சொல்லிச் சொல்லி, பொறவு அவன் விலக்கு பேரச் சொன்னா கடைசி சீட்டுல தூங்குதவன் எந்திரிப்பான். நல்ல வாய். அந்த வாய்தான் எனக்கு எமன்.

அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா, மாசி மாசம், பரீச்சை நேரம், வண்டி கொள்ளாத கூட்டம். எங்களுக்கு முன்னால போற வண்டிக்காரன் வேணும்னே மெதுவாப் போயி எங்க ஆளெல்லாம் ஏத்திக்கிட்டான். நாலு நிமிசம் லேட்டு. நாலு நிமிசம்னா உங்களுக்கு ஒண்ணுமில்ல. டைம் ஆபீஸ்ல எனக்கு ஏச்சு. புளியடி விலக்கு ஸ்டாப்பிங்ல ஒரு பொம்பள இறங்குதா. வயசான பொம்பள, கையில மூட்டை. இவன் ஒத்த விசில் கொடுத்தான், நின்னேன். ரெட்டை விசில் கேட்ட மாதிரி இருந்துச்சு, எடுத்தேன். கேட்டுச்சு சார். எடுத்தாச்சு. அவ கீழ விழுந்துட்டா. முட்டியில லேசா சிராய்ப்பு, அவ்வளவுதான். அவளே எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டா.

இவன் விசில் அடிக்கவே இல்லங்கான். படியில இருந்து குதிச்சு, வண்டியச் சுத்தி என் பக்கமா வந்தான். நானும் இறங்கினேன், அந்த இடம் சரிவு, வண்டி உருளாம டயருக்கு அண்டை கொடுக்கணும்ல. அம்பது பேர் பாக்க என் மூஞ்சிக்கு நேர நின்னு கேக்கான்: "ஆளு இறங்குதது தெரியலியாவே? கண்ண எங்கன வச்சிருக்கீரு?"

'வே'ங்கான் சார். பதினோரு வருசம் அண்ணாச்சி, அண்ணாச்சின்னு கூப்பிட்டவன். நீங்க எந்த ஊருன்னு தெரியாது, எங்க பக்கம் கூட ஓடுத பெரியவனப் பாத்து 'வே'ன்னு சொன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு எங்க பக்கத்து ஆளக் கேட்டுப் பாருங்க.

கைய ஓங்கினேன். பட்டுது. தாடையில பட்டுது. அவ்வளவுதான் நடந்துச்சு.

அவன் உக்காந்துட்டான். அடிபட்டவன் விழுவான், இல்ல திருப்பி அடிப்பான். இவன் ரோட்டுல சம்மணம் போட்ட மாதிரி உக்காந்து வாயப் பொத்திக்கிட்டான். அப்பவே நடிப்பு.

யாரோ ஆட்டோவுல தூக்கிப் போட்டு ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாவ. அங்க இருந்த கூட்டத்துல டாக்டரு பாத்து, தாடைக்குக் கீழ நாலு தையலு, ஒரு படம், ஊசி, வீட்டுக்குப் போன்னுட்டாரு. சான்றுல என்ன எழுதினாரு? சாதாரண காயம். கேட்டுக்கிடுங்க சார், சாதாரண காயம். டாக்டரு எழுதினது, நான் சொல்லல. போலீசு கேஸ் போட்டாவ, அன்னைக்கே ஜாமீன்.

முதலாளி என்னைய வேற ரூட்டுக்கு மாத்தினாரு. பெரிய ரூட்டு. எனக்கு மரியாதைன்னுதான் வச்சுக்கிட்டேன். சொரிமுத்து இருபது நாள் கழிச்சுப் பழைய வண்டிக்கே போயிட்டான். தாடையில ஒரு தழும்பு, அவ்வளவுதான். அந்தானைக்கு முடிஞ்சிருக்கணும்ல?

முடிக்கத்தான் அவனும் பாத்தான், அதையும் சொல்லிருதேன், நான் மறைக்கிறவன் இல்ல. டைம் ஆபீஸ் ராமையாகிட்டச் சொல்லி விட்டான். சமாதானமாப் போயிருவோம், கோர்ட்டுல வந்து கையெழுத்துப் போடுதேன், அண்ணாச்சி ஒரு தடவ வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போகட்டும், அது போதும்னு. ராமையா இதக் கொண்டாந்து பெரிய வரம் மாதிரி சொல்லுதாரு. நான் கேட்டேன்: ஒரு வார்த்தைன்னா என்ன வார்த்தை? ராமையா மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. எனக்குப் புரிஞ்சு போச்சு. மன்னிப்பு. 'வே'ன்னவன் வீட்டு வாசல்ல போயி நான் மன்னிப்புக் கேக்கணும். முடியாதுன்னுட்டேன்.

பொறவுதான் ஆரம்பிச்சான் வேலைய.

பஸ் ஸ்டாண்டுல எந்த டிரைவரப் பாத்தாலும், ஏம்பா வெள்ளத்துரை, அந்தச் சொரிமுத்துவ இப்படிப் பண்ணிட்டியேன்னு கேக்கான். என்ன பண்ணினேன்னு கேட்டா, வட திங்க முடியல, டீயில ஊற வச்சுக் கரைச்சுக் குடிக்கான். டீ குடிச்சா இடது பக்கமா ஒழுகுது, கைக்குட்டைய மடிச்சு அங்கனயே வச்சிருக்கான். விசில் ஊதினா காத்து வேற பக்கமாப் போயிருது, அதனால ஒரு ரூபாய வச்சுக் கம்பியில தட்டி ரைட் கொடுக்கான். இப்படி ஆளுக்கு ஒண்ணு. நம்மள எங்கெங்க நாறடிக்கணுமோ அங்கெல்லாம் நாறடிச்சிட்டான். வாயத் திறந்து ஒரு சொல்லு சொல்லல, அதுதான் கெட்டிக்காரத்தனம். ஏன்டா வாய் கோணுதுன்னு கேட்டா, ஒண்ணுமில்லங்கானாம். பல்லு வலிங்கானாம். ஒண்ணுமில்லன்னு சொல்லிக்கிட்டே டீய ஒழுக விட்டா, பாக்குதவன் என்ன நெனப்பான்? வெள்ளத்துரைக்குப் பயந்துக்கிட்டு மறைக்கான்னுதான நெனப்பான்?

நானே போயிப் பாத்தேன். ஒரு நாள் லீவு போட்டுட்டு, அவன் வண்டி சாப்பாட்டுக்கு நிக்கிற இடத்துல, எதிர்த்தாப்ல நின்ன லாரிக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். எல்லாரும் ஓட்டலுக்குள்ள போயாச்சு. இவன் மட்டும் வண்டிக்குப் பின்னால போயி, வாழைப்பழத்த உரிச்சு, கிள்ளிக் கிள்ளி, ஒரு விரலால பல்லுக்கு ஊடால தள்ளுதான். தள்ளிட்டுத் தலைய அண்ணாந்துக்கிட்டான். கோழி தண்ணி குடிக்கும்ல, அந்த மாதிரி. ஒரு பழத்துக்குப் பத்து நிமிசம். சுத்தி ஒரு ஆளு இல்ல. ஆளில்லாத இடத்துல எதுக்கு நடிக்கணும்னு நீங்க கேப்பீங்க. நான் லாரிக்குப் பின்னால நின்னதப் பாத்திருக்கான் சார். இல்லன்னா எதுக்கு அப்படித் திங்கான்?

அன்னைக்கே வக்கீல் கோமதிநாயகத்துகிட்டப் போனேன். கோமதிநாயகம் நல்ல வக்கீல்தான், கொஞ்சம் பயந்தாங்கொள்ளி. இந்தப் பய நடிக்கான், பெரிய டாக்டருங்கள வச்சுப் பாத்து, இவனுக்கு ஒண்ணுமில்லன்னு ஒரு பேப்பர் வாங்கித் தாங்கன்னு கேட்டேன். அவரு கண்ணாடியக் கழட்டி மேசையில வச்சிட்டாரு. சாதாரண காயம்னு எழுதி வச்சிருக்காவ, அது நமக்குக் கிடைச்ச பாக்கியம். சின்ன அபராதத்தோட, இல்லன்னா சமாதானத்தோட போயிரும். உறங்குத நாயத் தட்டி எழுப்பாதீரும்னாரு. எனக்கு அபராதமா பெரிசு? ஊரு பூராவும் என்னையப் பாத்துக் கேக்கானே, அதுக்கு என்ன பதிலு? பேப்பர் இருந்தா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிடுவேன், கேக்கிறவன் மூஞ்சியில காட்டுவேன். எழுதும்னேன். எழுதினாரு. கோர்ட்டும் சரின்னு மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பிட்டு.

அனுப்பின சேதி தெரிஞ்ச மறுநாளு அவன் பொண்டாட்டி எங்க வீட்டுக்கு வந்தா. பிரம்மசக்தின்னு பேரு. காலையில பத்து மணி இருக்கும். வாசல்ல செருப்ப விட்டுட்டு உள்ள வந்து, உக்காரச் சொன்னா உக்காரல. "அண்ணாச்சி, அந்தப் போர்டு மட்டும் வேண்டாம். அவுகளுக்கு ஒண்ணுமில்லன்னே இருந்துட்டுப் போகட்டும். பேப்பர் வந்தா வண்டியில ஏத்த மாட்டாவ"ன்னா. நான் கேட்டேன், ஒண்ணுமில்லன்னா பேப்பர்ல ஒண்ணுமில்லன்னுதான வரும், எதுக்குப் பயப்படுதன்னு.  அவ மெதுவாச் சொன்னா, ராத்திரிக்குக் கஞ்சியையும் மத்து வச்சுக் கடைஞ்சுதான் கொடுக்கேன், அது எனக்கு மட்டும்தான் தெரியும்னு.

பாத்தீங்களா? மாட்டிக்கிட்டா. குட்டு வெளிய வந்துரும்னு பயம். உன் புருசன் நாடகத்த ஊர் பாக்கட்டும், போன்னு அனுப்பிட்டேன். போறப்போ எங்க வீட்டுக்காரி அடுப்படி நிலையில நின்னுக்கிட்டிருந்தா. சுப்புத்தாய்னு பேரு. அவளப் பாத்து பிரம்மசக்தி ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனா. அன்னைக்குச் சுப்புத்தாய் எங்கிட்டப் பேச்ச நிறுத்தினவதான். சோறு போடுவா, துணி துவைப்பா, பேச மாட்டா. பொம்பளைகளுக்குப் பொம்பளைகளப் பாத்தா எளக்கம் வந்துருது. சவத்த விடுங்க.

போர்டு அன்னைக்கு நானும் போனேன். என்னைய யாரும் கூப்பிடல. கூப்பிடாட்டா என்ன, என் கேஸுதான? வராந்தாவுல பெஞ்சுல உக்காந்தேன். ரூம் கதவுல ஒரு சதுரக் கண்ணாடி. எந்திரிச்சு நின்னா உள்ள தெரியும். நின்னுக்கிட்டேன்.

மூணு டாக்டருங்க. நடுவுல ஒரு டாக்டரம்மா, கோர்ட்டுக்குன்னே சாட்சி சொல்லுத டாக்டராம், பொணம் அறுத்துச் சொல்லுததும் அவங்கதானாம், உசுரோட இருக்கவனப் பாத்துச் சொல்லுததும் அவங்கதானாம். இன்னொருத்தரு பல்லு, தாடை ஆப்ரேசன் பண்ணுதவரு. இன்னொருத்தரு ஸ்கேன் பாக்கிறவரு. சொரிமுத்து சுத்துத நாக்காலியில உக்காந்திருக்கான். வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ண தேச்சு, கல்யாணத்துக்கு வந்த மாதிரி.

வாயத் திறக்கச் சொன்னாவ. இரும்பு ஸ்கேல மேப்பல்லுக்கும் கீப்பல்லுக்கும் நடுவுல வச்சு அளந்தாவ. மூணு தடவ. இன்னும், இன்னும்னு கையக் காட்டுதாவ. இவன் கழுத்து நரம்பு பொடைக்கத் திறக்கான். திறக்கிறப்போ தாடை நேரா இறங்கல, வலது பக்கமா ஓடுது. காதுக்கு முன்னால ரெண்டு விரல வச்சு அந்தத் தாடை டாக்டரு ரொம்ப நேரம் கண்ண மூடிக்கிட்டு நின்னாரு, நாடி பாக்கிற மாதிரி. பொறவு கன்னத்த உப்பச் சொன்னாவ. இடது ஓரத்துல காத்து போயிட்டு.

பொறவுதான் நான் காத்துக்கிட்டிருந்த கட்டம். டாக்டரம்மா அவன் கண்ணக் கட்டிட்டாவ. பஞ்சக் கொஞ்சம் திரிச்சு வச்சுக்கிட்டு, ஒரு ஊசியும் வச்சுக்கிட்டு, உதட்டுலயும் தாடையிலயும் தொட்டுத் தொட்டுக் கேக்காவ. தெரியுதா? தெரியுதான்னு. நான் எண்ணினேன் சார். பன்னிரண்டு தடவ கேட்டாவ. பன்னிரண்டு தடவையும் தலைய ஆட்டி, ஆமா, ஆமான்னான். எனக்கு வாயெல்லாம் பல்லு. உதடு மரத்துப் போனவனுக்கு எப்படிடே தெரியும்? மாட்டினான். டாக்டரம்மா முதுகு எனக்கு மறைச்சிருந்துச்சு, அவங்க கை தெரியல. ஆனா இவன் தலை ஆடினது நல்லாத் தெரிஞ்சுச்சு.

வெளிய வந்தப்போ என்னையப் பாத்தான். நின்னான். ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்துச்சு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டு, கோமதிநாயகத்துக்குப் போன் போட்டு, ஜெயிச்சாச்சு வக்கீல் சார்னு சொன்னேன். அவன் காதுல விழணும்னுதான் சத்தமாச் சொன்னேன்.

ரிப்போர்ட்டு வந்த அன்னைக்கு கோமதிநாயகம் என்னைய ஆபீசுக்கு வரச் சொல்லி, கதவச் சாத்திட்டுப் படிச்சுக் காட்டினாரு. இங்கிலீசுல இருந்தத நிறுத்தி நிறுத்தித் தமிழ்ல சொன்னாரு. கீழ்த்தாடை எலும்பு ரெண்டு இடத்துல உடைஞ்சிருக்கு. இடது பக்கம் முன்னால ஒண்ணு, வலது காதுக்கு முன்னால மூட்டுல ஒண்ணு. மொத நாளு எடுத்த ஒத்தப் படத்துல அது விழல. இப்ப கோணலாக் கூடியாச்சு. வாய் திறக்கிறது இருபத்துநாலு மில்லிமீட்டர். நல்லா இருக்கவனுக்கு நாப்பது இருக்கணுமாம், அவனவன் மூணு விரலு உள்ள போகணுமாம். நீங்க வச்சுப் பாருங்க சார். நான் தினமும் வச்சுப் பாக்கேன், எனக்குப் போகுது. இடது பக்கம் கீழ் உதட்டுல உணர்ச்சி இல்ல, ஒம்பது மாசம் ஆயிட்டு, இனி வாறதுக்கில்ல. கடைசி வரியில, நிரந்தரம், கொடுங்காயம்.

கேஸு பிரிவையே மாத்திட்டாவ. இனிமே அவனா வந்து சமாதானம்னாலும் கோர்ட்டு ஒத்துக்காதாம். பெரிய பிரிவு. நான் கோமதிநாயகத்தக் கேட்டேன், உணர்ச்சி இல்லன்னு எப்படி எழுதலாம், நான் கண்ணாலப் பாத்தேன், பன்னிரண்டு தடவ ஆமான்னான், அந்தம்மாவக் கூண்டுல ஏத்தி அதக் கேளும்னு. அவரு வேண்டாம்னாரு. நான் விடல. கேளும்னேன்.

டாக்டரம்மா சாட்சி சொல்ல வந்தாவ. கோமதிநாயகம் கேட்டாரு: "தொட்டது தெரியுதுன்னு அவர் சொன்னாரா இல்லையா?"

சொன்னாருன்னாவ.

"எத்தனை தடவை?"

அவங்க பேப்பரப் பாக்கவே இல்ல. "பன்னிரண்டு தடவை கேட்டேன். அதில் அஞ்சு தடவைதான் தொட்டேன். மிச்சம் ஏழு தடவை கையைப் பின்னால் வைத்துக்கொண்டு சும்மா கேட்டேன். அதற்கும் தெரியுது என்றார்."

ஜட்ஜய்யா எழுதுதத நிறுத்திட்டு நிமிந்தாரு. அவங்க சொல்லிக்கிட்டே போறாவ. ஊசி குத்தி ரத்தப் பொட்டு வந்துச்சு, அவரு இமை அசையல. உதட்டுக்கு உள்பக்கம் பல்லு கடிச்ச தழும்பு, சூட்டுப் புண்ணு, பழசும் புதுசுமா. டீ சுட்டதும் தெரியல, பல்லு கடிச்சதும் தெரியல. கோமதிநாயகம் கையில எதையாவது பிடிச்சுக்கிடணுமேன்னு, அப்ப அவர் நடிச்சார்னுதான சொல்லுதீங்கன்னு கேட்டுட்டாரு.

"ஆமாம், நடித்தார். காயத்தை இல்லை என்று நடித்தார்"னாவ.

பாத்தீங்களா சார்? நடிச்சான். டாக்டரம்மாவே ஒத்துக்கிட்டாவ, கோர்ட்டு ரெக்கார்டுல இருக்கு. நான் மொத நாளுல இருந்து சொன்னது அதுதான, அவன் நடிக்கான்னு? இத எடுத்துச் சொல்லும்னு கோமதிநாயகத்து கோட்டப் பிடிச்சு இழுத்தேன். அவரு கைய உதறிட்டாரு.

இன்னொண்ணும் சொன்னாவ அந்தம்மா, அது தேவையில்லாத பேச்சு. அடி கீழ இருந்து மேலவாக்குல வந்திருக்கு, மொட்டைக் கையில அடிச்சா தாடை அப்படி உடையாது, தழும்புல நேர் விளிம்பு இருக்கு, கட்டை மாதிரி ஒரு சாமான்னு. சரி, கையில அண்டைக் கட்டை இருந்துச்சு. டயருக்குக் கொடுக்கத்தான எடுத்தேன்? அவன் வந்து நின்ன வேகத்துல கீழ வைக்க மறந்துட்டேன். அவன் ரெண்டு நிமிசம் பொறுத்து வந்திருந்தா கட்டை டயருக்கடியில இருந்திருக்கும். இத யாரும் யோசிக்கல.

டாக்டரம்மாவுக்குப் பொறவு சொரிமுத்தத் திரும்பக் கூண்டுல ஏத்தினாவ. சத்தமாப் பேசுங்கன்னு ஜட்ஜய்யா ரெண்டு தடவ சொன்னாரு. இவன் வாயில அவ்வளவுதான் வருது, பாதிச் சொல்லு பல்லுக்குள்ள நின்னுக்கிடுது. டாக்டர்கிட்ட எதுக்குப் பொய் சொன்னீருன்னு கோமதிநாயகம் கேட்டாரு.

அவன் என்னையப் பாக்கல. ஜட்ஜய்யாவப் பாத்துச் சொன்னான்: "எனக்கு ஒண்ணுமில்லன்னா நான் வண்டியில இருப்பேன். அண்ணாச்சிக்கும் சின்னக் கேஸோட போயிரும். ரெண்டுக்கும் ஒரே பொய் போதும்னு நெனச்சேன்யா. அவுகதான் பேப்பர் வேணும்னு கேட்டாவ."

 இப்படி ஒரு பேச்சு. நல்லவன் வேசம். இவ்வளவு நல்லவன் எதுக்கு அன்னைக்கு 'வே'ன்னான்? அத யாராவது கேட்டாங்களா? கேக்கல.

அடுத்த வாரம் முதலாளி அவன வண்டியில இருந்து இறக்கிட்டாரு. ரிப்போர்ட்டுல எழுதியிருக்க ஆள எப்படி ஏத்த முடியும்னு. வண்டி நிக்கிற செட்டுல உக்கார வச்சிருக்காராம், வாற வண்டி போற வண்டி நம்பர எழுதுத வேலை. உக்காந்து பாக்கிற வேலை, ஒரு வகையில நல்லதுதான், நான்தான் வாங்கிக் கொடுத்த மாதிரி. என்னையும் போகச் சொல்லிட்டாரு. இருபத்திரண்டு வருசம். ஒரு டீ குடிச்சிட்டுப் போன்னுகூடச் சொல்லல.

இன்னைக்குக் காலையிலதான் தீர்ப்பு. குற்றவாளின்னுட்டாரு. தண்டனை மூணு மணிக்குச் சொல்லுதாராம். தண்டனை பத்தி ஏதாவது சொல்லுதியான்னு கேட்டாரு ஜட்ஜய்யா. கோமதிநாயகம் காலையில இருந்து எனக்குப் படிச்சுக் கொடுத்தாரு, தப்புத்தான்யா, வயசாச்சு, குடும்பம் இருக்கு, கருணை காட்டுங்கன்னு சொல்லும்னு. சொல்லத்தான் வாயத் திறந்தேன். அவன் முன்வரிசையில உக்காந்திருந்தான், கைக்குட்டைய இடது ஓரத்துல ஒத்திக்கிட்டு. எனக்கு எங்க இருந்து வந்துச்சோ தெரியல. அய்யா, அவன் நடிச்சான்னு டாக்டரம்மா சொன்னத தீர்ப்புல எழுதிக்கோங்கன்னுட்டேன்.  ஜட்ஜய்யா எழுதியாச்சுன்னாரு. எனக்கு அதுவே ஒரு திருப்திதான்.

அந்தா வேப்பமரத்தடியில நிக்காவ பாருங்க, அதுதான் பிரம்மசக்தி. பக்கத்துல அவன். அந்தத் தூக்குச்சட்டியில என்னமோ கரைச்சுக் கொண்டாந்திருக்கா. என் பக்கம் திரும்பியே பாக்கல. இன்னைக்கு ஒரு நாளாவது பாக்கலாம். பாக்க மாட்டான். திமிரு.

இந்த ஏட்டையாவப் பாத்து நீங்க வேற மாதிரி நெனச்சிராதீங்க. எனக்குக் காவல்னு இல்ல. நம்ம ரூட்டுதான் அவரு, தினமும் என் வண்டியிலதான் ஸ்டேசனுக்குப் போவாரு. தெரிஞ்சவருன்னு பக்கத்துல நிக்காரு. ஒண்ணுக்குப் போறப்பவும் கூட வந்தாரு, பாசமான மனுசன்.

ஆமா, இந்தப் பை என்னுதுதான். சுப்புத்தாய் காலையில வாசல்ல வச்சிருந்தா. பஸ்ஸுல வாறப்போதான் திறந்து பாத்தேன். ரெண்டு கைலிச் சாரம், ஒரு துண்டு, பல்பொடி, ரத்த அழுத்த மாத்திரை ஒரு மாசத்துக்கு. கூறு கெட்டவ. அப்பீலு இருக்கு, மேல போனா இன்னொரு போர்டு கேக்கலாம், வேற டாக்டருங்கள வச்சு ஸ்கேலு மாத்தி அளக்கச் சொல்லலாம். இது ஒண்ணும் அவளுக்குத் தெரியாது. எதுக்குடி இதெல்லாம்னு போன் போட்டுக் கேட்டேன். ஒம்பது மாசம் கழிச்சு இன்னைக்குத்தான் பேசினா. மாத்திரைய நேரத்துக்குப் போடுங்கன்னா. வச்சிட்டா.

மணி மூணாயிட்டா? கூப்பிடுதாவ, என் பேருதான். இந்தா வாரேன் ஏட்டையா.

சார், இந்தப் பையக் கொஞ்சம் பாத்துக்கிடுங்க. பத்து நிமிசம். உள்ள போயி என்ன சொல்லுதாருன்னு கேட்டுட்டு வந்துருதேன், பொறவு ஒரு டீ குடிப்போம்.

என்ன ஏட்டையா?

பையையுமா?